ஸ்கிப், லிமிட், காணாமல் போன மாலைப் பால்

மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில் அக்ரிகேஷன் பைப்லைன் (பதிவுகளைப் படிப்படியாக வடிகட்டி, வரிசைப்படுத்தி, கூட்டும் கேள்வி) எழுதி, ஸ்கிப் (இத்தனை பதிவைத் தள்ளு), லிமிட் (இத்தனை மட்டும் எடு) போட்டுப் பதிவுகளை ஐந்நூறு ஐந்நூறாக எடுத்துப் பணக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படித்துவிடுங்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்காது, 45,000 ரூபாய் பில்லில் பாதி போயிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்மையாக வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்திருக்காது.

நான் ஈரோட்டில் தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்பவன். 2023-இல் இந்தப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் மென்பொருளைப் பராமரிக்க ஒப்புக்கொண்டேன். அவர்கள் வைத்திருந்தது மாங்கோடிபி 4.2. அந்தப் பதிப்புக்கான ஆதரவு அந்த ஏப்ரலோடு முடிந்ததால் புதிய சர்வருக்கும் புதிய பதிப்புக்கும் மாறியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்தது வேறொரு குழு. நான் வந்தது அதற்கு அப்புறம்தான். நிறுவனத்துக்கு 40 பால் சென்டர்கள், சென்டருக்குச் சராசரியாக 30 பேர் பால் ஊற்றுகிறார்கள், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. பத்து நாளைக்கு ஒரு பட்டுவாடா. அப்படிப் பார்த்தால் ஒரு பட்டுவாடாவுக்கு 24,000 பதிவுகள். ஒவ்வொன்றிலும் லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ரேட், தொகை எல்லாம் இருக்கும்.

பட்டுவாடா புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. பழைய சர்வரில் மெமரி குறைவு என்பதால் அவர் எல்லாப் பதிவையும் ஒரேயடியாக எடுக்காமல், முதலில் மேட்ச் போட்டு அந்தப் பட்டுவாடா எண்ணுக்கு உரியதை மட்டும் வடிகட்டி, தேதி வாரியாக சார்ட் செய்து (வரிசைப்படுத்தி), ஸ்கிப், லிமிட் வைத்து 500, 500 பதிவாக 48 தடவை எடுத்து, புரோகிராமுக்குள்ளேயே ஆள் வாரியாகக் கூட்டியிருந்தார். படித்துப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் தெரியாது. பழைய சர்வரில் நான்கு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் ஓடியதும் இதே கோடுதான் (புரோகிராம் வரிகள்தான்).

சர்வர் மாறியதும் புகார்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு பேர்தான். பால் ஊற்றுகிற இடத்தில் இது சகஜம், அட்டையில் எழுதியது ஒன்று, கம்ப்யூட்டரில் ஏற்றியது ஒன்று என்று இருக்கும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பட்டுவாடாவில் புகார் கூடியது. நானே ஒரு சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு எருமை வைத்திருக்கும் ஒரு பாட்டி தன் பால் அட்டையை என் முன்னால் நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மடிப்பில் கிழிந்த அட்டை. நீலப் பேனாவில் தேதிக்கு நேராகக் காலை, மாலை என்று இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் லிட்டரும் ஃபேட்டும். பட்டுவாடா சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டோம். “ஏனுங்க தம்பி, ரெண்டு நாள் சாயங்காலப் பாலு கணக்குலயே இல்லீங்க. ஒரு நாள் காலைப் பாலு மட்டும் ரெண்டு வாட்டி வந்திருக்குது. அந்த ஒண்ணு எனக்கு வேண்டாம், என்னோட ரெண்டைக் குடுத்துருங்க” என்றார். அந்தக் கணக்கில் அவருக்குப் போன பணம் இருநூறு ரூபாய்க்கும் குறைவு. அதைக் கேட்பதற்காக வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்.

இங்கேதான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றிய விஷயம் ஒன்று நடந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி எண்ணிக்கையைப் பார்த்தேன். டேட்டாபேஸில் 24,000 பதிவுகள். பட்டுவாடா புரோகிராம் எடுத்ததும் 24,000. ஒன்றுகூடக் குறையவில்லை. மொத்த லிட்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை, பாலில் எப்போதும் விழும் சேதாரத்துக்குள் அடங்கிப்போகிற அளவுதான். எண்ணிக்கை சரி, லிட்டரும் ஏறக்குறைய சரி என்றால் பதிவு ஏற்றுகிற இடத்தில்தான் யாரோ விளையாடுகிறார்கள் என்று மேனேஜர் முடிவு கட்டினார். அந்தப் பாட்டி பால் ஊற்றுகிற சென்டரில் புகார் அதிகம். அதை நடத்திய அம்மாவிடம் விசாரித்தார்கள், பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊருக்குள் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு உள்ளுக்குள் அது பொய் என்று தெரிந்தது. ஆனால் கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்த வாரங்களில் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும். கேட்க ஆள் இல்லை, தனியாகத்தான் துழாவினேன்.

வழி கிடைத்தது சாதாரணமான ஒரு சோதனையில். புரோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பதிவின் ஐடியையும் (தனி அடையாள எண்ணையும்) ஒரு கோப்பில் எழுதவைத்து, அதில் வெவ்வேறான ஐடிகள் எத்தனை என்று எண்ணினேன். 23,400 சொச்சம் வந்தது. அதாவது ஏறக்குறைய அறுநூறு பதிவுகள் இரண்டாம் முறை வந்திருந்தன, அதே அளவு பதிவுகள் வரவே இல்லை. ஒன்று இரண்டு தடவை வந்த இடத்தில் இன்னொன்று விடுபட்டிருந்ததால் மொத்த எண்ணிக்கை அப்படியே நின்றது. ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் அந்த ஒரு பட்டுவாடாவில் மட்டும் ஆள் மாறிப் போயிருந்தது. எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கிற யாரும் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் புரோகிராம் பக்கம் பக்கமாக எடுக்கிறது என்றால் இன்றைக்கே வெவ்வேறான ஐடிகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏன் இப்படி ஆகிறது? ஸ்கிப்புக்குப் பதிவு எது என்று தெரியாது, இடம்தான் தெரியும். ரேஷன் கடை வரிசையில் ‘501-வது ஆளிலிருந்து கூப்பிடு’ என்கிற மாதிரி. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் வரிசை அதே வரிசையாக இருந்தால்தான் அது செல்லும். நம் வரிசையோ தேதியை வைத்து நிற்கிறது. பதிவில் தேதி நாளை மட்டும் காட்டும், மணி நிமிடம் கிடையாது, காலையா மாலையா என்பது தனி ஃபீல்டு. அப்போது ஒரே தேதியில் 2,400 பதிவுகள் சமமாக நிற்கின்றன. அந்த 2,400-க்குள் யார் முன்னே, யார் பின்னே என்று நாம் சொல்லவே இல்லை, அதனால் டேட்டாபேஸ் எந்த உறுதியும் தரவில்லை. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சார்ட் புதிதாக நடக்கிறது. போதாததற்கு சார்ட்டுக்குப் பின்னால் லிமிட் இருந்தால் மாங்கோடிபி ஒரு சிக்கனம் செய்யும். முதல் பக்கத்துக்கு மேலே உள்ள 500-ஐ மட்டும் மெமரியில் வைத்துக்கொள்ளும், இரண்டாம் பக்கத்துக்கு 1,000-ஐ வைத்துக்கொண்டு முதல் 500-ஐத் தள்ளிவிடும், மூன்றாவதற்கு 1,500. வைத்துக்கொள்ளும் அளவு மாற மாற, சமமாக நிற்பவர்களின் வரிசையும் மாறலாம். முதல் கேள்வியில் 620-ஆம் இடத்தில் நின்ற பதிவு இரண்டாம் கேள்வியில் 480-க்கு வந்துவிட்டால், அது அந்த இரண்டு பக்கத்திலும் வராது. பாட்டியின் மாலைப் பால் போனது இப்படித்தான்.

அப்படியென்றால் நான்கு வருடம் எப்படி ஓடியது? பழைய சர்வரில் பட்டுவாடா எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ், அதாவது முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த தேடல் பட்டியல், இருந்தது. அது இருந்தால் சார்ட் செய்யவே வேண்டியதில்லை, இண்டெக்ஸ் வரிசையிலேயே படித்துக்கொண்டு போகும். அதில் சமமான பதிவுகள் உள் எண் வரிசையில் கிடப்பதால் ஒவ்வொரு தடவையும் அதே வரிசை வந்தது. புதிய சர்வரில் பட்டுவாடா எண்ணுக்கு மட்டும் இண்டெக்ஸ் போட்டிருந்தார்கள். கேள்வியை டேட்டாபேஸ் எப்படி நடத்துகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்த்தபோது சார்ட் என்ற படி தனியாக முளைத்திருந்தது. அதில் டோட்டல் டாக்ஸ் எக்ஸாமின்ட் என்று ஒரு எண் வரும், எத்தனை பதிவுகளைத் தொட்டது என்பதற்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் 24,000. 48 பக்கத்துக்குப் பெருக்கினால் 11,52,000 பதிவுகளைத் தொட்டு 24,000-ஐக் கொடுத்திருக்கிறது. புரோகிராம் முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று ஆபீஸில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதுதான். சர்வர் மாற்றும்போது இண்டெக்ஸ் பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வேகத்துக்கான வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். சில கோடுகளில் விடையின் சரித்தன்மையே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பதிப்பு மாற்றத்திலும் இதே ஆபத்து உண்டு. 4.4-லிருந்து, பைப்லைன் இல்லாத சாதாரண ஃபைண்டு கேள்வியின் சார்ட்டும் பைப்லைன் சார்ட்டின் முறைக்கே மாறிவிட்டது, சமமான மதிப்புகள் முன்பின்னாக வருவதற்கான வாய்ப்பு அதனால் அதிகமாகிவிட்டது. இதை மாங்கோடிபி தன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறது. யார் படிக்கிறோம்?

முதல் வைத்தியம் எளிது. சார்ட்டில் தேதிக்குப் பின்னால் ஐடியையும் சேர்த்தேன். ஐடி ஒவ்வொரு பதிவுக்கும் தனி என்பதால் சமமாக யாரும் நிற்க முடியாது. பட்டுவாடா எண், தேதி, ஐடி மூன்றும் சேர்ந்த இண்டெக்ஸும் போட்டேன். சோதனைப் பிரதியில் 24,000-க்கு 24,000 வெவ்வேறான ஐடிகள். அன்றைக்கு இரவு நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த பட்டுவாடா உண்மையான சர்வரில் ஓடியபோது மறுபடியும் சிலது விடுபட்டிருந்தது. கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஆனால் விடுபட்டிருந்தது. அந்தக் காலைதான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மோசமானது. மேனேஜரிடம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடித்திருந்தேன்.

சோதனைப் பிரதியில் வராதது உண்மையான சர்வரில் மட்டும் வருகிறது என்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சோதனைப் பிரதியில் யாரும் எழுதுவதில்லை. உண்மையான சர்வரில் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மலையடிவாரத்து சென்டர்களிலிருந்து பழைய தேதிப் பதிவுகள் வந்து விழும், நெட் கிடைக்கும்போதுதான் அவர்களால் அனுப்ப முடியும். தலைமை அலுவலகத்தில் ஒருவர் இரட்டையாக ஏறிய பதிவுகளை நீக்கிக்கொண்டிருப்பார். நாம் 10,000 பதிவுகளைப் படித்து முடித்த பிறகு அந்தப் பகுதியில் ஒன்று நீக்கப்பட்டால் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு இடம் முன்னால் நகரும். 10,001-ஆவதாக நின்றது 10,000-ஆவது ஆகிவிடும். அடுத்த ஸ்கிப் அதைத் தாண்டிப் போய்விடும். இதற்கு நேர்மாறாகப் படித்து முடித்த பகுதியில் ஒன்று புதிதாக நுழைந்தால் கடைசிப் பதிவு மறுபடியும் வரும். சார்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் இது நடக்கும். இதே நோயின் இன்னும் பொல்லாத வடிவம் ஒன்று உண்டு. ‘பட்டுவாடா ஆகாதவை’ என்று வடிகட்டி 500 எடுத்து, அவற்றை ‘ஆகிவிட்டது’ என்று குறித்துவிட்டு, அடுத்துப் போய் 500-ஐ ஸ்கிப் செய்தால் பாதிப் பதிவுகள் தொடாமலே போய்விடும். முதல் 500 வடிகட்டியிலிருந்தே வெளியேறிவிட்டது, நாம் தள்ளுவது இன்னும் பார்க்காத 500-ஐ. அந்த மாதிரி வேலையில் ஸ்கிப்பே போடாமல் ஒவ்வொரு தடவையும் முதல் 500-ஐ எடுத்தால் போதும்.

கடைசியாக என்ன செய்தேன் என்றால், ஸ்கிப்பைப் பட்டுவாடாவிலிருந்து முழுவதுமாகத் தூக்கிவிட்டேன். முதலில் இடத்தை எண்ணுவதற்குப் பதிலாக, கடைசியாகப் படித்த பதிவின் தேதியையும் ஐடியையும் நினைவில் வைத்துக்கொண்டு, ‘தேதி இதைவிடப் பெரியது, அல்லது தேதி அதேதான் ஆனால் ஐடி பெரியது’ என்று மேட்ச்சில் போட்டேன். முன்னால் எது நீங்கினாலும் சேர்ந்தாலும் இது அசையாது. நாற்பத்தெட்டாம் பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்திலேயே வரும், ஏனென்றால் இண்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. அப்புறம்தான் உறைத்தது, பட்டுவாடாவுக்குப் பக்கமே எதற்கு? பக்கம் என்பது திரையில் பார்க்கிற மனிதருக்காக. புரோகிராம் முழுவதையும் படிக்கப்போகிறது என்றால் ஒரே கர்சரை, அதாவது விடையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தரும் கைப்பிடியை, திறந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம், டேட்டாபேஸ் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்பும், மெமரி நிரம்பாது. பத்து நிமிடம் சும்மா விட்டால் கர்சர் மூடிவிடும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். என் விஷயத்தில் கர்சர்கூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. க்ரூப்பைப் பைப்லைனுக்குள்ளேயே போட்டு ஆள் வாரியாகக் கூட்டச் சொன்னால் 24,000 பதிவு 1,200 வரியாகச் சுருங்கி வந்துவிடுகிறது. இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

அதோடு ஒரு நேர எல்லையும் வைத்தேன். பட்டுவாடா தொடங்கும் நேரத்துக்கு முன்னால் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டுமே இந்தக் கணக்கில் வரும், பின்னால் வருவது அடுத்த பட்டுவாடாவுக்குப் போகும். வந்து சேர்ந்த நேரத்தை சர்வரே எழுத வேண்டும். ஐடியிலேயே நேரம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 12 பைட்டில் முதல் 4 பைட் நேரம்தான், ஆனால் அது ஐடியை உருவாக்கிய கம்ப்யூட்டரின் நேரம். சென்டர் லேப்டாப்பில் தேதி தப்பாக இருந்தால் ஐடியிலும் தப்பாகத்தான் இருக்கும். தனித்தன்மைக்கு ஐடியை நம்பலாம், வந்த நேரத்துக்கு நம்பக் கூடாது.

பைப்லைனில் ஸ்கிப்பை வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தேடலில் மற்ற ரிப்போர்ட்டுகளிலும் சிக்கியது. ஃபைண்டு கேள்வியில் ஸ்கிப், லிமிட் இரண்டையும் எந்த வரிசையில் எழுதினாலும் ஸ்கிப்தான் முதலில் நடக்கும். பைப்லைனில் எழுதிய வரிசைதான் வரிசை. லிமிட் 500 போட்டுவிட்டுக் கீழே ஸ்கிப் 500 போட்டால் ஒன்றுமே வராது. ஸ்கிப்பை க்ரூப்புக்கு மேலே வைத்தால் ஒருவரின் பத்து நாள் பால் இரண்டு பக்கமாக உடைந்து இரண்டு அரைகுறைத் தொகையாக வரும். வேறு பட்டியலிலிருந்து விவரம் எடுத்துவரும் லுக்கப்புக்குக் கீழே வைத்தால் தள்ளிவிடப்போகும் பதிவுகளுக்கும் சேர்த்து ஆள் விவரம் தேடிக்கொண்டிருக்கலாம். சென்டர்காரர்கள் பழைய பதிவைப் புரட்டுகிற திரையில் மட்டும் ஸ்கிப்பை விட்டுவைத்தேன், அதுவும் ஐடியோடு சார்ட் செய்து. அங்கே நேராக ஏழாம் பக்கத்துக்குப் போக அவர்களுக்கு வசதி வேண்டும், கடைசிப் பதிவை நினைவில் வைக்கிற முறையில் அது முடியாது. பணம் அதில் நகர்வதில்லை என்பதால் பரவாயில்லை.

பண விஷயத்துக்கு வருகிறேன். அதிகம் போன பணத்தை அடுத்த பட்டுவாடாக்களில் பிடித்துக்கொண்டார்கள், குறைந்தவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்காகச் சர்வர் மாறியதிலிருந்து நடந்த எல்லாப் பட்டுவாடாவையும் மறுபடி ஓட்டி ஆள் வாரியாக வித்தியாசப் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன், அந்த வேலைக்குத் தனியாகப் பணம் கேட்க முடியவில்லை. என் பில்லில் பாதியைத்தான் கொடுத்தார்கள். நான் தொடாத கோடு, நான் மாற்றாத சர்வர் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. இப்போதெல்லாம் பராமரிப்பு வேலை எடுக்கும் முதல் நாளே பதிப்பு எண், இண்டெக்ஸ் பட்டியல், ஒரு பழைய கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்த விடை, மூன்றையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அந்தச் சென்டர் அம்மா வீட்டுக்கு மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போய், பட்டியலைக் காட்டி, தப்பு அவருடையது இல்லை என்று அக்கம்பக்கத்தார் முன்னால் சொல்லவைத்தேன். மறுபடி பொறுப்பைக் கொடுக்கிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மாங்கோடிபி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது என்று விட்டுவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற மற்ற டேட்டாபேஸ்களிலும் ஆஃப்செட் என்று வருவது இதேதான். தனித்தன்மை தருகிற ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) இல்லாமல் லிமிட் போட்டால் வரிசைக்கு உறுதி இல்லை என்றும், ஆஃப்செட்டில் தள்ளிவிடும் வரிகளையும் சர்வர் கணக்கிட்டே ஆக வேண்டும் என்றும் போஸ்ட்கிரெஸ் ஆவணம் சொல்கிறது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் சாதாரணமாக 10,000-க்கு மேல் இப்படிப் புரட்டவே விடாது, கடைசிப் பதிவிலிருந்து தொடரும் வழியைத்தான் காட்டும். உங்களிடம் ஓடுகிற புரோகிராமைச் சோதிக்க, சோதனை சர்வரில் பக்க அளவை 7, 500, 1,300 என்று மாற்றி மாற்றி ஓட்டி ஆள் வாரித் தொகையை ஒப்பிடுங்கள். அதே சமயம் இன்னொரு ஸ்கிரிப்ட் பழைய தேதிப் பதிவுகளை நீக்கியும் சேர்த்தும் கொண்டிருக்கட்டும். நேர எல்லைக்குள் இருந்த, யாரும் கைவைக்காத ஒரு பதிவு ஏதாவது ஓட்டத்தில் விடுபட்டாலோ இரண்டு தடவை வந்தாலோ, அந்தப் புரோகிராம் போட்ட கணக்கில் அடுத்த பட்டுவாடாவைக் கொடுக்காதீர்கள்.